குறை ஆய்வாளரின் மனத்தில் இல்லை

உயிர்மருத்துவ ஆய்வில் இவ்வளவு உழைப்பு செலவாகியும் நோயாளியின் கைக்கு ஏன் இவ்வளவு குறைவாக வந்து சேருகிறது என்ற கேள்விக்கு, இந்தியாவில் எல்லா மேடைகளிலும் இப்போது ஒரே பதில்தான் கேட்கிறது. நம் ஆய்வாளர்களுக்குக் கட்டுரை எழுதத் தெரியும், தொழில் தொடங்கத் தெரியாது என்பதே அது. அதற்கான மருந்தும் தயாராக இருக்கிறது. முனைவர் பட்டம் முடித்த கையோடு இளம் ஆய்வாளரைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ உதவித்தொகை கொடுத்து, சந்தையை அளக்கவும் வணிகத் திட்டம் தீட்டவும் முதலீட்டாளர் முன் பேசவும் பழக்கிவிட்டால் ஆய்வகத்தில் முடங்கிக் கிடப்பதெல்லாம் மருத்துவமனைக்கு வந்துவிடுமாம். அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு பயோடிசைன் ஃபெலோஷிப் இதற்கு முன்மாதிரி. அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ஐ-கோர் பயிற்சியை 2014இல் அங்குள்ள தேசிய நலவாழ்வு நிறுவனமும் எடுத்துக்கொண்டது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை, ஸ்டான்ஃபோர்டு, எய்ம்ஸ், டெல்லி ஐஐடி ஆகியவற்றோடு சேர்ந்து அதே வடிவத்தைக் கொண்டுவந்தது. 2012இல் அத்துறையின் கீழ் பைராக் என்ற நிதியுதவி அமைப்பு உருவான பிறகு இத்தகைய திட்டங்கள் பல பெயர்களில் பெருகின. 2014இல் ஐம்பது அளவில் இருந்த உயிரித் தொழில்நுட்பப் புத்தொழில் நிறுவனங்கள் 8,500ஐத் தாண்டிவிட்டன என்ற அரசுக் கணக்கு, இந்த வழி சரியானது என்பதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

இந்தப் பதில் தவறானது. குறை ஆய்வாளரின் மனத்தில் இல்லை. ஆய்வகத்தில் கிடைத்த ஒரு முடிவு மருந்தாகவோ கருவியாகவோ மாறுவதற்கு விலங்குச் சோதனை, தரக்கட்டுப்பாடுள்ள உற்பத்தி, மருத்துவச் சோதனை, உரிமம், கொள்முதல் என்று ஒரு நீண்ட நடுவழி இருக்கிறது. நம் நாட்டில் மெலிந்து கிடப்பது அந்த நடுவழிதான். அதைக் கட்டுவது அரசும் பெரிய நிறுவனங்களும் பத்து இருபது ஆண்டு பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. பயிற்சித் திட்டமோ அந்தப் பொது வேலையை முப்பது வயதைத் தொடாத ஒருவரின் தனிப்பட்ட துணிவுக் குறையாக மாற்றிக் காட்டுகிறது. ஆற்றுக்குப் பாலம் கட்டாமல் கரையில் நீச்சல் வகுப்பு நடத்துவதற்கு ஒப்பான காரியம் இது. தொழில் செய்வதை நான் இழிவாகப் பேசவில்லை. மருந்தை யாரோ ஒருவர் தயாரித்து விற்றுத்தான் ஆக வேண்டும். அதை யார் செய்வது, எந்தக் கட்டத்தில் செய்வது, எதை ஊன்றிக்கொண்டு செய்வது என்பதில்தான் எனக்கு அடிப்படையான கருத்து வேறுபாடு.

நோயாளியிடம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வை எடுத்துக்கொள்வோம். முடக்குக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன ஏழை நோயாளிகள் நிறைந்த நாட்டில், இறக்குமதி வால்வின் விலை பெரும்பாலோருக்கு எட்டாததாக இருந்தது. இதய அறுவை மருத்துவரான எம்.எஸ். வலியத்தான், ஜி.எஸ். புவனேஸ்வர் முதலான பொறியாளர்களை ஒரே வளாகத்தில் சேர்த்துக்கொண்டு 1970களின் பிற்பகுதியில் இந்த வேலையில் இறங்கினார். முதலில் உருவாக்கிய வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனையில் தோற்றன. நான்காவது வடிவம்தான் நிலைத்தது. 1990 டிசம்பரில் முதல் முறையாக ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. அதன் பிறகுதான் சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சில் அந்த வால்வு இயங்கியிருக்கிறது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது தோல்விகளின் போக்கு. ஒவ்வொரு வடிவமும் தோற்றபோது அந்தப் பொறியாளர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் வந்தது. விலங்கு அறுவைக்கூடம் அங்கேயே இருந்தது. தோல்விக்கான காரணத்தைத் தேட ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது. ஒன்றரை ஆண்டு மானியத்தில் ஓடும் ஓர் இளம் நிறுவனத்தில் இரண்டாவது வடிவம் தோற்கும்போதே கதை முடிந்திருக்கும்.

ரோட்டா வைரஸ் தடுப்பூசியின் கதை இதைவிட நீளமானது. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் சிலருக்கு ரோட்டா வைரஸ் தொற்றியும் வயிற்றுப்போக்கு வரவில்லை. எம்.கே. பான் தலைமையிலான குழு அதைக் கவனித்தது. அந்தக் குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்த 116இ என்ற வைரஸ் வகையே பின்னால் ரோட்டாவாக் தடுப்பூசியானது. இடையில் உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனங்கள், பாத் என்ற தொண்டு அமைப்பு, கேட்ஸ் அறக்கட்டளை, ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் ஆகிய எல்லாம் தோள்கொடுக்க வேண்டியிருந்தது. இறுதிக் கட்டச் சோதனை டெல்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் பாதிக்கு மேல் அது தடுத்தது. 2014இல் உரிமம் கிடைத்தது, 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. முதல் கவனிப்பிலிருந்து முப்பது ஆண்டுகள்! வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழுவினர் அந்தப் பகுதிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து பல ஆண்டுகளாக நடத்திவந்த வயிற்றுப்போக்கு ஆய்வுகள் இல்லாவிட்டால், அங்கே அப்படியொரு சோதனையை நடத்தியிருக்கவே முடியாது. வீடுவீடாகப் போகும் களப்பணியாளர், மாதிரிகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் ஆய்வகம், நம்பிக்கை வைத்துக் குழந்தையைக் கொண்டுவரும் தாய்மார்கள் ஆகியோரால் ஆன இந்த ஏற்பாட்டை எந்த முதலீட்டாளரும் ஓர் இளம் நிறுவனத்துக்குக் கட்டிக்கொடுப்பதில்லை.

இவை அரசு எல்லாவற்றையும் செய்த காலத்துக் கதைகள், இன்று பல்கலைக்கழகத்தில் பிறந்த நிறுவனங்களே வழிகாட்டுகின்றன என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவர்கள் முதலில் காட்டுவது மும்பையின் இம்யூனோஆக்ட். ரத்தப் புற்றுநோய்க்கான இந்தியாவின் முதல் கார்-டி செல் சிகிச்சையை உருவாக்கிய இந்த நிறுவனத்தை, மும்பை ஐஐடி பேராசிரியர் ராகுல் புர்வார் 2018இல் தொடங்கினார். 2023 அக்டோபரில் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது. மேலைநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும் சிகிச்சை அது. பெருமைப்பட வேண்டிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் இது என் வாதத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. நிறுவனம் தொடங்கியபோது புர்வார் நிரந்தரப் பணியிலிருந்த பேராசிரியர். அவருக்குச் சொந்த ஆய்வகம் இருந்தது, அந்த அறிவியலில் பல ஆண்டு அனுபவம் இருந்தது. நோயாளிகளையும் புற்றுநோய் மருத்துவர்களையும் டாடா நினைவு மருத்துவமனை தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் மனிதச் சோதனைக்கு மட்டும் பைராக் வழியாக 19.15 கோடி ரூபாய் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. இளம் தொழில்முனைவோருக்கு அதே பைராக் தரும் பெயர்பெற்ற தொடக்க மானியத்தின் உச்சவரம்பு, 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய். இந்த இரண்டு தொகைகளுக்கும் உள்ள தூரத்தை முதலீட்டாளர் முன் நன்றாகப் பேசுவதால் கடந்துவிட முடியாது. இன்னொரு எடுத்துக்காட்டு சாந்தா பயோடெக்னிக்ஸ். மஞ்சள்காமாலை பி தடுப்பூசியை 1997இல் மலிவாக்கிய அந்த நிறுவனத்தைத் தொடங்கிய வரப்பிரசாத ரெட்டி மின்னணுப் பொறியாளர். அறிவியலைச் செய்தவர்கள் அவர் அமர்த்திய விஞ்ஞானிகள். அதாவது தொழிலை நடத்தத் தெரிந்தவர் தொழிலை நடத்தினார், ஆய்வு தெரிந்தவர்கள் ஆய்வைச் செய்தார்கள். இரண்டையும் ஒரே இளைஞரின் தலையில் ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

இளமையே தொழில்முனைவின் பருவம் என்ற நம்பிக்கைக்கும் சான்று எதிராகத்தான் இருக்கிறது. பியர் அசூலே முதலான பொருளியலாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் பதிவுகளை முழுமையாகத் திரட்டி ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்த அனுபவம் வெற்றி வாய்ப்பைத் தெளிவாகக் கூட்டியது. மருந்துத் துறையில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்த வேண்டும். ஓர் உற்பத்தித் தொகுதி எங்கே கெடும், ஒழுங்குமுறை அதிகாரி எந்தக் கேள்வியைக் கேட்பார், எந்த மருத்துவர் எந்தக் கருவியைத் தொடவே மாட்டார் என்பதெல்லாம் வகுப்பில் கற்பவை அல்ல. பதினைந்து ஆண்டு வேலையில் ஊறி வருபவை.

பயிற்சியின் உள்ளடக்கம் என்னை இன்னும் கவலைகொள்ள வைக்கிறது. ஆய்வுலகின் கண்டுபிடிப்புகள் தொழிலுக்குப் போகாததற்குக் காரணம் அவற்றை எடுத்துச்சொல்ல ஆளில்லாததுதான் என்ற அனுமானம் அதில் புதைந்திருக்கிறது. தொழில்துறை சொன்னதோ வேறு. ஆம்ஜென் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் புற்றுநோய் ஆய்வில் மைல்கல்லாகக் கருதப்பட்ட 53 கட்டுரைகளை மீண்டும் செய்துபார்த்தார்கள். ஆறில் மட்டுமே முடிவுகள் உறுதியாயின என்று 2012இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பேயர் நிறுவனமும் ஏறத்தாழ இதே அனுபவத்தை வெளியிட்டிருந்தது. வாங்குபவர் தயாராகத்தான் இருந்தார், சரக்குதான் தேறவில்லை. மருந்து முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்பதும் நாம் அறிந்ததே. 2011 முதல் 2020 வரையிலான அமெரிக்கத் தரவின்படி, மனிதரிடம் முதல் கட்டச் சோதனைக்குள் நுழைந்தவற்றில் ஒப்புதல் வரை வரக்கூடியவை 7.9 சதவீதம் மட்டுமே. அதற்கும் சராசரியாகப் பத்தரை ஆண்டு. இந்த நிலையில் இளம் ஆய்வாளருக்கு முதலில் தேவைப்படுவது தன் முடிவையே சந்தேகிக்கும் பயிற்சி. குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரிப்பது, எந்த விலங்குக்கு எந்த மருந்து போனது என்று அறியாமலே அளவிடுவது, மாதிரி எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிட்டு நிர்ணயிப்பது, ஒத்துவராத முடிவையும் குறிப்பேட்டில் பதிவது, வேறொரு ஆய்வகத்தில் திரும்பச் செய்துபார்ப்பது போன்றவற்றை நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பாமல், முடிவு பாதி வெந்திருக்கும்போதே அதன்மேல் நம்பிக்கை ததும்பப் பேசச் சொல்லிக்கொடுப்பது மருத்துவத்தில் ஆபத்தானது. ஒரு கைப்பேசிச் செயலி அவசரப்பட்டு வெளிவந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அவசரப்பட்ட நோயறி கருவியால் ஒரு குழந்தைக்குத் தவறான சிகிச்சை நடக்கும்.

அடுத்து, யார் வாங்குவது? ஐ-கோர் வகைப் பயிற்சிகளின் அடிப்படை, வாடிக்கையாளர்கள் நூறு பேரைத் தேடிப்போய்ப் பேசுவது. அந்த முறையில் உண்மையான நன்மை உண்டு. ஆனால் மருத்துவத்தில் பயன்படுத்துபவர் ஒருவர், பரிந்துரைப்பவர் இன்னொருவர், பணம் கொடுப்பது மூன்றாவது கை. கிராமத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தேவைப்படும் கருவியை வாங்குவது மாநில அரசு. அரசு ஒப்பந்தப்புள்ளிகள் ஆண்டு விற்றுமுதலையும் முன் அனுபவத்தையும் கேட்கும். புத்தொழில் நிறுவனங்களுக்கு அவற்றிலிருந்து விலக்குத் தரலாம் என்று மத்திய நிதியமைச்சகம் 2016இல் அறிவித்தது உண்மை. ஆனால் விலக்கு வாசலைத் திறக்கிறதே தவிர, வாங்குவதாக யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதை வேறு திசையிலிருந்து தீர்த்தது. கண்புரை அறுவையின்போது வைக்கும் உள்விழி லென்ஸ் இறக்குமதியில் நூறு டாலர் அளவுக்கு விற்ற காலத்தில், 1992இல் அரவிந்த் சொந்தமாக ஆரோலேப் என்ற தயாரிப்பு அமைப்பைத் தொடங்கி, லென்ஸை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. ஆரோலேபுக்கு முதல் நாளிலிருந்தே வாங்க ஆள் இருந்தது: அரவிந்தின் சொந்த அறுவைக்கூடங்கள். லென்ஸில் குறை இருந்தால் அடுத்த வாரமே மருத்துவர் வந்து சொல்வார். உறுதியான தேவையும் உடனடியான திருத்தமும் சேர்ந்துதான் அந்தத் தொழிலை நிலைநிறுத்தின. மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரியான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், உள்நாட்டில் தேறிய ஒரு கருவியை ஐந்தாண்டுக்கு இத்தனை வாங்குவோம் என்று முன்கூட்டி உறுதியளித்தால், நூறு பயிற்சி முகாம்களால் ஆகாதது ஆகும்.

இந்தத் திட்டங்களுக்கு ஆகும் செலவு சிறியது, பயன் கொஞ்சமாக இருந்தாலும் இருக்கட்டுமே என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. செலவு அரசுக்குத்தான் சிறியது. பெரிய பங்கைக் கொடுப்பவர் இளம் ஆய்வாளர். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்று ஆய்வு மாணவர்கள் பல நகரங்களில் போராடியிருக்கிறார்கள். அறிவியல் தொழில்நுட்பத் துறை தன் தொழில்முனைவோர் உதவித்தொகைத் திட்டத்துக்குத் தொடக்கத்தில் வைத்த உச்சவரம்பு மாதம் 30,000 ரூபாய். பட்டம் முடித்தவருக்கும் ஆய்வு மாணவருக்குக் கொடுப்பதைப் போன்ற சிறு தொகையைக் கொடுத்து, மருத்துவத் தொழிலின் முழு இடரையும் ஏற்கச் சொல்கிறோம். இதை ஏற்கக்கூடியவர் யார்? பின்னால் வீடோ சொத்தோ சம்பாதிக்கும் பெற்றோரோ இருப்பவர். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து, கல்விக் கடனையும் தங்கையின் படிப்பையும் சுமக்கிறவருக்கு அது தேர்வே அல்ல. முப்பது வயதில் திருமண நெருக்கடியையும் பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளையும் எதிர்கொள்ளும் பெண் ஆய்வாளருக்கும் அப்படியே. உயர்கல்வி நிறுவனங்களில் ஆசிரியப் பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடப்பதை அரசு நாடாளுமன்றத்திலேயே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்குப் போவது 0.64 சதவீதம். வேலை கொடுக்க வேண்டிய இடத்தில் வேலை கொடுக்காமல், வேலை தேடாதே, உருவாக்கு என்று சொல்வது ஆய்வாளர் தலைமுறைக்கு இழைக்கும் அநீதி.

பயிற்சியால் குறைந்தபட்சம் தொழில் தனக்கு ஒத்துவராது என்றாவது ஒருவர் தெரிந்துகொள்கிறாரே என்ற வாதத்தில் நேர்மை இருக்கிறது. நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, தொழில்முனைவுக் கல்வி திறன்களைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை, தொழில் தொடங்கும் எண்ணத்தைக் குறைத்தது என்று கண்டது. அவர்கள் பத்தொன்பது இருபது வயதினர், திரும்பிப்போகப் பல வழிகள் உள்ளவர்கள். முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டாண்டு ஆய்விலிருந்து விலகி நின்றவருக்குத் திரும்பும் வழி குறுகிவிடுகிறது. கட்டுரை எண்ணிக்கையும் வயது வரம்பும் பார்க்கும் நம் நியமனக் குழுக்கள் அந்த இடைவெளியை மன்னிப்பதில்லை. பயோடிசைன் மாதிரியில் ஒரு பகுதி மட்டும் உறுதியாகக் காப்பாற்றத் தக்கது. பொறியாளரையும் மருத்துவரையும் ஒன்றாக மாதக்கணக்கில் வார்டில் நிறுத்தி, எது உண்மையிலேயே தேவை என்று கண்ணால் பார்க்க வைப்பதுதான் அது. பிறந்த குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்கும் சோஹம் கருவி போன்ற நல்லவை அந்த வழியில் வந்தன. ஆனால் வார்டில் நிற்பதற்கு நிறுவனம் தொடங்கும் நிபந்தனை எதற்கு? ஒவ்வொரு உயிர்மருத்துவ ஆய்வு மாணவருக்கும் அது பாடத்தின் பகுதியாக இருக்கலாம்.

நிறுவனங்களின் எண்ணிக்கையை வெற்றியின் அளவுகோலாக வைத்தால் நாம் எதை இழப்போம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிடும் நோயாளியும் சானடோரியத்தில் படுத்திருக்கும் நோயாளிக்கு இணையாகக் குணமடைகிறார் என்று நிறுவி, 1959இல் முடிவை வெளியிட்டது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு மாறியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. அதில் காப்புரிமை இல்லை, நிறுவனம் இல்லை, விற்பதற்கு எதுவுமே இல்லை. இன்று அப்படியொரு கேள்வியோடு வரும் இளம் ஆய்வாளர் தொழில்முனைவு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் முதல் வடிகட்டலிலேயே வெளியே போவார்.

ஆகவே ஃபெலோஷிப் வேண்டும், வேறு இடங்களில் வேண்டும். இளம் ஆய்வாளர்களை மூன்றாண்டு சம்பளத்தோடு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், மருத்துவக் கல்லூரிகளின் சோதனைப் பிரிவுகளிலும், தடுப்பூசித் தொழிற்சாலைகளிலும் அமர்த்துங்கள். அங்கேயே நிரந்தரப் பணியிடங்களையும் உருவாக்குங்கள். பத்தாண்டு கழித்து அவர்களில் சிலர் தாமாகவே நிறுவனம் தொடங்குவார்கள், அவர்களுக்கு அந்தத் தொழில் தெரிந்திருக்கும். இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்விக்கு இனி இடமில்லை. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கென 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அதன் மையம் தனியார் துறைக்கான நீண்டகாலக் கடன். சென்னையிலும் வேலூரிலும் திருவனந்தபுரத்திலும் உள்ளவை போன்ற பொதுச் சோதனை வசதிகள் கடனைத் திருப்பிக் கட்டும் நிலையில் இல்லை. அவற்றுக்கு நேரடி மானியமாக ஒரு பங்கை ஒதுக்கும்படி ஆய்வு நிறுவனங்களும் மருத்துவக் கல்லூரிகளும் இப்போதே ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டும்.